எந்தச் சாமி

பிடரியில் ஒரு கையைக் கொடுத்துச் சோமசேகரத்தின் தலையைத் தூக்கி, மற்றக் கையில் இருந்த தம்ளரை அவர் வாயருகே கொண்டுபோனாள் கமலாதேவி. தண்ணீர் உதட்டில் படுவதற்கு முன் அவர் கண்ணைத் திறந்தார். "இனி வீட்டில வைச்சுப் பாருங்கோ" என்று ஆஸ்பத்திரியில் இருந்து அனுப்பிய நாள் முதல் மூடியே கிடந்த கண்கள். அவை தம்ளரைப் பார்த்தன. பிறகு அவளைப் பார்த்தன. அவர் தெளிவாக ஒரே ஒரு சொல் சொன்னார்.

"சாமி."

கமலாதேவியின் கை அந்தரத்தில் நின்றுவிட்டது.

"ஆர்? எந்தச் சாமி?"

அவர் வாய் மட்டும் பாதி திறந்தபடி இருந்தது.

கமலாதேவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கட்டிய நாளில் இருந்து "இஞ்சரப்பா" என்றும் "கமலம்" என்றும் கூப்பிட்ட வாய் அது. இத்தனை நாளும் அவருக்குப் பீ மூத்திரம் அள்ளியவள் அவள். முதுகுப் புண்ணைக் கழுவி மருந்து போட்டவள் அவள். கண்ணைத் திறந்ததும் அந்த மனுசனுக்கு ஞாபகம் வந்தது வேறு ஒருத்தியை. அவள் அவருடைய தலையைத் தலையணையில் இறக்கினாள். மெதுவாகத்தான் இறக்கினாள். தம்ளரை யன்னல் கட்டின் மேல் வைத்தாள். "உங்கட சாமியே வந்து பருக்கட்டும்" என்று முணுமுணுத்துக்கொண்டு குசினிக்குள் போய்த் திருவலையில் குந்தினாள்.

கையில் எடுத்த தேங்காய்ப் பாதியைத் திருவி முடிக்கவில்லை. அறைக்குள் இருந்து மகள் புஷ்பவதி "அம்மா!" என்று கத்தினாள்.

ஊருக்கு எதையாவது மெச்ச வேண்டும். அன்று காலை அதற்குச் சோமசேகரத்தின் கடைசிச் சொல் கிடைத்தது. புஷ்பவதி விறாந்தையில் நின்றபோது அப்பாவின் குரலைக் கேட்டிருக்கிறாள். வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் அழுதழுது அதையே சொன்னாள்.

"சாமி எண்டு கூப்பிட்டவர் மாமி. என்ர காதால கேட்டனான். அப்பிடியே போயிட்டார்."

"கதிர்காமத்தானை எத்தினை தரம் நடந்து போய்க் கும்பிட்ட மனுசன். வேற எப்பிடிப் போவார்?" என்றாள் ஒருத்தி.

"குடுத்து வைச்சவர். கடைசி மூச்சில சாமி பேர் வாயில வாறதெண்டா லேசோ?" என்றாள் இன்னொருத்தி.

பக்கத்து வீட்டுப் பல்கீஸ், செத்தவீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது என்று தன் வீட்டிலேயே ஊற்றிய தேத்தண்ணீரைக் கேத்தலோடு தூக்கிக்கொண்டு வந்து, அவளும் கேட்டுக் கண் கலங்கினாள். "எங்கட ஆக்களும் அப்பிடிப் போகத்தான் அல்லாஹ்கிட்டத் துஆக் கேக்கிற, கமலாக்கா."

கமலாதேவி பிரேதத்தின் தலைமாட்டில் இருந்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊர் முழுக்கக் கையெடுத்துக் கும்பிட்ட அந்தச் சொல் அவளை முள்ளாய்க் குத்தியது. அது எந்தச் சாமி என்று அவளுக்கு மட்டும்தான் தெரியும். அந்தச் சாமி கட்டைபறிச்சான் என்ற ஊரில் இருக்கிறது. அதற்கு இரண்டு காலும் ஒரு வெள்ளைச் சேலையும் உண்டு.

சோமசேகரம் சீனன்குடா எண்ணெய்க் குதத்தில் குழாய் பொருத்தும் பிற்றராக இருந்தவர். வேலையில் இருந்து ஓய்வு எடுத்த கையோடு கதிர்காமப் பித்துப் பிடித்துக்கொண்டது. ஆடித் திருவிழாவுக்கு நடந்து போகும் கூட்டம் முன்பெல்லாம் யாழ்ப்பாணத்தில் இருந்து கரையோரமாகக் குச்சவெளி வழியே வரும். சண்டை தொடங்கிப் பாதை அடைபட்ட பிறகு திருகோணமலைச் சனமே ஒரு சிறு கூட்டமாகச் சேர்ந்து புறப்பட்டது. துறைமுகத்தடியில் லோஞ்ச் படகு ஏறி, மூதூரில் இறங்கி, கட்டைபறிச்சான், வெருகல், மட்டக்களப்பு என்று நடந்து, கடைசியில் காட்டுக்குள் புகுந்து போவார்கள். காவி கட்டிக்கொண்டால் பிறகு யாருக்கும் ஊர்ப்பெயர், வீட்டுப்பெயர், உத்தியோகம் கிடையாது. எல்லாரும் சாமி. அடையாளம் தெரிய வேண்டும் என்று முன்னால் ஒரு சொல்லை ஒட்டிக்கொள்வார்கள். இவருக்கு எண்ணெய்ச் சாமி என்று பெயர் விழுந்ததாக அவரே சொல்லிச் சிரித்தார்.

முதல் வருசம் கமலாதேவியும் வரக் கேட்டாள்.

"நீரும் வந்தா வீட்டை ஆர் பாக்கிறது? ஆக்கள் இல்லாத வீடெண்டா ஆமிக்காரன் உள்ளுக்கு வந்து குந்திடுவான். பிறகு எழுப்பேலாது" என்றார்.

அது உண்மைதான். அந்த ஒழுங்கையிலேயே இரண்டு வீடுகள் அப்படிப் போயிருந்தன. அதனால் கடவுள் அவர் பங்குக்கும் வீடு இவள் பங்குக்கும் வந்தன. ஒவ்வொரு வருசமும் படலையில் நின்று அனுப்பிவிட்டு உள்ளே வந்து கதவைப் பூட்டிக்கொள்வாள். அதுகூடப் பொறுத்திருப்பாள். அவர் திரும்பி வந்த அந்த முதல் விடியற்காலை ஒன்று நடந்தது. பாயில் படுத்திருந்தவருக்குத் தேத்தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள். அவர் அரைக் கண்ணில் எழும்பி, கோப்பையை வாங்கி, "சாமி" என்றார்.

"எந்தச் சாமி?" என்று கேட்டாள்.

அவர் திடுக்கிட்டு முழித்துச் சிரித்தார். "நித்திரைத் தூக்கத்தில கட்டைபறிச்சான் சாமி எண்டு நினைச்சிட்டன். அவதான் எங்களுக்கு விடிய எழும்பித் தேத்தண்ணி வைக்கிறவ."

அவ. கட்டைபறிச்சான் சாமி பெண் என்று கமலாதேவிக்கு அன்றுதான் தெரிந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பல்கீஸின் புருசன் ஜவாஹிர் மூதூர் லோஞ்சில் வேலை செய்கிறவர். சும்மா ஒரு கதைக்குக் கேட்பது போல அவரிடம் கேட்டு, பெயர் அன்னலட்சுமி, புருசன் இல்லை, கொஞ்ச வயல் உண்டு, தன்னைவிட நாலைந்து வயது இளையவள் என்பதெல்லாம் அறிந்துகொண்டாள். அறிந்ததில் இருந்து அவள் வயிறு எரிந்தது. அவர் புறப்பட்டுப் போன நாட்களில், விடியற்காலையில் தன் ஒருத்திக்குத் தேத்தண்ணீர் ஊற்றும்போது, எங்கோ ஒரு மரத்தடியில் அவள் அவருக்கு நீட்டுவதை நினைத்துக்கொள்வாள். சீனி எவ்வளவு என்று அவளுக்குத் தெரியுமா? தெரிந்திருந்தால் அது இன்னும் மோசம்.

பின்னேரம் ஊரடங்குக்கு முன் சுடலையால் ஆட்கள் திரும்பிவிட வேண்டும் என்பதால் எல்லாம் அவசர அவசரமாக நடந்தது. ஆண்பிள்ளை இல்லாத வீடு. கொள்ளி வைக்க அவர் தம்பி சிவகுருநாதன் வந்து சேர்ந்துவிட்டார். பறைமேளம் வந்தது. பிரேதத்தைக் குளிப்பாட்டி விறாந்தையில் கிடத்தியிருந்த நேரத்தில் படலைப் பக்கம் ஒரு சலசலப்பு.

நெடுத்த கறுத்த பெண் ஒருத்தி வெள்ளைச் சேலையோடு உள்ளே வந்தாள். காலில் செருப்பு இல்லை. அவள் மாரில் அடித்து அழவில்லை, யாரையும் கட்டிப் பிடிக்கவில்லை. நேரே கால்மாட்டுக்குப் போய், சோமசேகரத்தின் பாதம் இரண்டையும் கையால் தொட்டுக் கண்ணில் ஒற்றி, "சாமி" என்றாள்.

கமலாதேவிக்கு ஆள் சொல்லித் தெரிய வேண்டி இருக்கவில்லை.

"இவவுக்கு ஆர் சொன்னது?" என்று பக்கத்தில் இருந்த பல்கீஸின் காதில் கேட்டாள்.

"எங்கட ஆள்தான் முதல் லோஞ்சில போய்ச் சொல்லி அனுப்பின. நீங்கதானே அக்கா முந்தி அவவப் பத்தி விசாரிச்ச? சொந்தக்காரி எண்டு நினைச்சிட்டார்."

கமலாதேவி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் பொறாமை தானே போய் வெற்றிலை வைத்து அழைத்து வந்திருக்கிறது. அதற்கு இனி யாரை நோவது?

அன்னலட்சுமி தோள் பையில் இருந்து ஒரு போத்தலை எடுத்தாள். முக்கால்வாசி தண்ணீர்.

"கதிர்காமத்து மாணிக்க கங்கைத் தண்ணி" என்றாள் சிவகுருநாதனைப் பார்த்து. "இந்த முறை சாமி நடக்க ஏலாமல் போச்செண்டு அவருக்கெண்டே அள்ளினது. வந்து பாத்துக் குடுப்பம் எண்டு வைச்சிருந்தனான். பாதை திறக்கேல்லை. போன கிழமைதான் லோஞ்ச் திரும்ப ஓடத் தொடங்கினது."

"முழுக்கக் கொண்டு வரேல்லையோ?" என்றாள் சுற்றி நின்றவர்களில் ஒருத்தி.

"முழுப் போத்தல்தான். இறங்குதுறையில நேவிக்காரன் என்ன தண்ணியெண்டு கேட்டான். சொன்னன். விளங்கேல்லை அவனுக்கு. குடிச்சுக் காட்டச் சொன்னான். என்ன செய்யிறது, குடிச்சுக் காட்டினனான்."

சிவகுருநாதனுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அண்ணி, வாய்க்கரிசிக்கு முதல் இதில ஒரு துளி அண்ணன்ர வாயில விடுவம். அவருக்கு இதைவிட வேற என்ன வேணும்?"

எல்லார் தலையும் கமலாதேவி பக்கம் திரும்பியது. அவள் போத்தலைப் பார்த்தாள். அதன் வாயைப் பார்த்தாள். பிறகு அன்னலட்சுமியின் உதட்டைப் பார்த்தாள்.

"எச்சில் தண்ணி" என்றாள்.

"அண்ணி..."

"வாய் வைச்சுக் குடிச்ச போத்தல். எச்சில் தண்ணியை அவரின்ர வாயில விட நான் சம்மதியன்."

பறைமேளக்காரர்கூட ஒரு கணம் கையை எடுத்துவிட்டார். அன்னலட்சுமியின் முகம் சுருங்கியது. "அதுவும் சரிதான் அக்கா. நான் யோசிக்கேல்லை" என்று போத்தலை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, பெண்களுக்குப் பின்னால் போய்ச் சுவரோடு குந்தினாள்.

கமலாதேவிக்கு நெஞ்சு குளிர்ந்தது. இத்தனை வருசத்தில் முதல்தரம் வென்றிருக்கிறாள். அந்தக் குளிர்ச்சியோடு எழும்பி முதல் ஆளாக வாய்க்கரிசி போட்டாள். சோமசேகரத்தின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அரிசி ஒட்டாமல் கன்னத்தால் உருண்டு பாயில் விழுந்தது. அவள் பொறுக்கித் திரும்பப் போட்டாள். திரும்பவும் உருண்டது.

பாடை தூக்கினார்கள். சோமசேகரத்தோடு கதிர்காமம் நடந்த ஆண்கள் சிலர் நின்று "அரோகரா" என்று குரல் எழுப்பினார்கள். பெண்கள் ஒழுங்கை முடியும் சந்தி வரை அழுதுகொண்டு போனார்கள். சந்தியில் காவலரண். பெண்கள் அதற்கு மேல் போவதில்லை. சென்றியில் நின்ற ஆமிக்காரன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். ஆண்களோடு பாடை அவனைக் கடந்து கடற்கரைப் பக்கம் திரும்பியது.

கமலாதேவி கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் பார்த்தாள். அன்னலட்சுமி நின்றாள். இவள் நின்ற அதே கோட்டில், அதே பக்கம் பார்த்துக்கொண்டு, ஒரு காலை முன்னால் வைத்துவிட்டுப் பின்னுக்கு எடுத்தவளாக நின்றாள்.

இந்த முறை நீயும் போக ஏலாது, என்று கமலாதேவி மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். சொல்லும்போது இனித்தது. பாடை கண்ணுக்கு மறைந்தபோது அந்த இனிப்பும் இல்லை.

வீட்டைக் கழுவி, எல்லாரும் கிணற்றடியில் தோய்ந்து முடிய, மூதூருக்குக் கடைசி லோஞ்ச் போய்விட்டது. அன்னலட்சுமி தங்கித்தான் ஆக வேண்டும் என்று ஆகிவிட்டது. "நான் கோயில் மடத்தில படுக்கிறன் அக்கா" என்றாள். மடத்தில் ஆமி இருப்பதை அறியாமல் சொல்கிறாள். "சும்மா இரும்" என்று ஒரு சொல்லோடு கமலாதேவி அதை முடித்துவிட்டாள். இரக்கத்தால் அல்ல. செத்தவீட்டுக்கு வந்தவளை ரோட்டில் விட்டாள் என்ற பேர் தனக்கு வரக்கூடாது.

பொழுது பட்டு வரும் நேரம் வீடு வெறுமையாகிவிட்டது. சிவகுருநாதன் சுடலையால் வந்து, தலையில் தண்ணீர் வார்த்து, மறுநாள் சாம்பலுக்கு நீர் வார்க்கும் காடாற்றுக்குச் செம்பும் இளநீரும் சுவர் ஓரம் எடுத்து வைத்துவிட்டு விறாந்தையில் சாய்ந்துவிட்டார். புஷ்பவதி அழுத களையில் நித்திரை. சோமசேகரம் கிடந்த இடத்தில் விளக்கு எரிந்தது. அதற்கு இந்தப் பக்கம் கமலாதேவியும் அந்தப் பக்கம் அன்னலட்சுமியும் இருந்தார்கள். அன்னலட்சுமியின் பாதம் வெளிச்சத்தில் தெரிந்தது. வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. கமலாதேவி அந்தப் பாதத்தையே பார்த்தாள். அவர் நடந்த வழியெல்லாம் நடந்த கால். தன் கால் வீட்டுச் சீமெந்தில் வழுவழுவென்று கிடக்கிறது என்று அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"எத்தினை வருசம் அவரோட நடந்தனீங்கள்?" கேட்கக் கூடாது என்று இருந்தவள் கேட்டுவிட்டாள்.

"அவர் வரத் தொடங்கின முதல் முறையே நானும் வந்தனான் அக்கா. ஆனா அவரின்ர பேர் இண்டைக்குக் காலமைதான் எனக்குத் தெரியும்."

"என்ன?"

"ஓம். சோமசேகரம் மவுத்து, மோசம் போயிட்டாரெண்டு லோஞ்சுக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆரது எண்டு கேட்டனான். எண்ணெய்ச் சாமி எண்டாப் பிறகுதான்..." அவள் நிறுத்தி மூக்கைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். "வழியில பேர் கேக்கக் கூடாதக்கா. ஆரும் கேக்கிறேல்லை."

கமலாதேவியோ இவளின் பெயர், வயது, வயல் எல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு வருசக்கணக்காக எரிந்திருக்கிறாள். இவளுக்கு அவர் பெயரே தெரியாது. நம்பலாமா? அந்தப் பாதத்தைப் பார்த்தால் பொய் சொல்கிறவளாகத் தெரியவில்லை. ஆனால் நம்பினால் இத்தனை வருச எரிச்சலை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஏதாவது செய்ய வேண்டும் போல இருந்தது. எழும்பினாள்.

"காலமையில இருந்து வாய் நனைக்கேல்லைப் போல."

"பரவாயில்லை அக்கா."

குசினிக்குள் போய்க் குடத்தில் இருந்து ஒரு தம்ளர் தண்ணீர் வார்த்துக் கொண்டுவந்து நீட்டினாள். அன்னலட்சுமி இரண்டு கையாலும் வாங்கினாள். உடனே குடிக்கவில்லை. தம்ளரைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து கமலாதேவியின் முகத்தைப் பார்த்தாள்.

"சாமி" என்றாள். சொல்லிவிட்டு மடமடவென்று குடித்தாள்.

கமலாதேவி நின்ற இடத்திலேயே நின்றாள்.

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"என்னத்தை அக்கா?"

"இப்ப... சாமி எண்டு."

"அதுவோ? வாய்ப் பழக்கம். நடக்கிற வழியில ஆர் தண்ணி தந்தாலும் அவையைச் சாமி எண்டு சொல்லிப்போட்டுத்தான் குடிக்கிறது. காட்டுக்குள்ள ஒருக்கா ஆமிக்காரப் பெடியன் ஒருத்தன் தன்ர தண்ணிப் போத்தலைத் தந்தவன். அவனையும் சாமி எண்டுதான் சொன்னனாங்கள். அவன் சிரிச்சுப்போட்டான்." அன்னலட்சுமியின் முகத்திலும் ஒரு சிரிப்பு வந்து போனது. "எண்ணெய்ச் சாமி இதில சரியான கண்டிப்பு. ஒருமுறை காய்ச்சல் வந்து வெருகலில விழுந்து கிடந்தவர். கண் திறக்க ஏலாது. தண்ணியைக் கிட்டக் கொண்டு போனா, அப்பவும் சாமி எண்டு சொல்லிப்போட்டுத்தான் வாயைத் திறப்பார். சொல்லிப்போட்டு வாயைத் திறந்துகொண்டு அப்பிடியே கிடப்பார், குழந்தைப் பிள்ளை மாதிரி. எங்களுக்குப் பகிடி."

கமலாதேவி தம்ளருக்குக் கை நீட்டினாள். அன்னலட்சுமி கொடுத்தாள். கமலாதேவி அதை விளக்கடியில் வைத்தாள்.

அறைக்கதவு திறந்திருந்தது. வீட்டைக் கழுவியவர்கள் கட்டிலை எடுத்துச் சுவரோடு சாய்த்து, பாயைச் சுருட்டி வெளியே போட்டிருந்தார்கள். யன்னல் கட்டுக்கு யாரும் போகவில்லை. காலையில் தான் வைத்த தம்ளர் தண்ணீர் தொடப்படாமல் அங்கேயே இருக்கும் என்று கமலாதேவிக்குத் தெரியும். அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அந்தப் போத்தல் எங்க?" என்று கேட்டாள். குரல் வேறு யாருடையதோ போல வந்தது.

"பைக்குள்ள கிடக்கு. ஆனா அது எச்சில்..."

"தாங்கோ."

அன்னலட்சுமி பையைத் துழாவி எடுத்துக் கொடுத்தாள். கமலாதேவி மூடியைத் திருகினாள். போத்தலைத் தூக்கி வாய் வைத்து ஒரு மிடறு குடித்தாள். வெயிலில் சூடாகி, மண் வாசம் வீசியது தண்ணீர். புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு மூடியை இறுக்கினாள். சுவர் ஓரம் காடாற்றுக்கு வைத்திருந்த செம்புக்கும் இளநீருக்கும் நடுவில் அதைக் கொண்டுபோய் நிமிர்த்தி வைத்தாள்.